தேய்மானம்

மீன் பதப்படுத்தும் ஆலையில்
இருபத்தேழு வருடம் கணக்கு எழுதியவன் நான்.
கிளாக்ஸ்விக் ஊரில்
தேய்மானம் என்ற சொல்லை
என்னைவிட அதிக முறை எழுதியவர் இருக்க முடியாது.

ஓய்வுப் பணத்தில் வாங்கிய லேத்
ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்தது.
படகுக் கொட்டகையின் கதவை அறுத்து அகலமாக்கி
உள்ளே இறக்கினோம்.
அன்றே ஒரு நோட்டுப் போட்டேன்:
தேதி, ஓடிய நேரம், வெட்டிய ஆழம், ஊற்றிய எண்ணெய்.
மூன்று வருடத்தில் பதினொன்றே முக்கால் மணி.
கால் மில்லிமீட்டருக்கு மேல் வெட்டியதில்லை.
அக்காவுக்குப் பித்தளையில் ஒரு மெழுகுவர்த்தித் தாங்கி.
பிறகு அதே மாதிரி இன்னொன்று,
முதலாவது கொஞ்சம் கோணல்.

வேலை முடிந்தால் பச்சைத் தார்ப்பாய்.
நான்கு மூலைக்கும் வலைக்கயிறு.

வளைகுடாவின் எதிர்க்கரையில் ரன்வாவின் பட்டறை.
அவளுடைய லேத்துக்கு அவளைவிட வயது அதிகம்.
சக்கின் பக்கம் படுகை தேய்ந்து
ஒரு மில்லிமீட்டரில் நூறில் எட்டுப் பங்கு பள்ளம்.
எந்தப் படி முனகும் என்று
இருட்டிலும் காலுக்குத் தெரிவதுபோல
அவள் கைக்கு அது தெரியும்.
அந்த இடம் வந்ததும் பிடியை மயிரிழை தள்ளுவாள்,
பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தாமலே.

"யாருக்காகச் சேர்த்து வைக்கிறாய், சீமுன்?"
ஒருமுறை கேட்டாள்.
மறுவிற்பனை மதிப்பு, என்றேன்.
அவள் சிரித்திருக்கலாம்.
சிரிக்கவில்லை.

பிப்ரவரியில் ஸ்கார்வூர் இழுபட்டு வந்தது,
வலை சுற்றும் வின்ச்சின் தண்டு முறிந்து.
படகில் எட்டுப் பேர்,
பருவம் பாதியில்.
டென்மார்க்கிலிருந்து புதுத் தண்டு வர ஒன்பது நாள்.
நீளம் ஒன்றே கால் மீட்டர்;
ரன்வாவின் லேத்தில் ஒரு மீட்டர்தான் பிடிக்கும்.
இரவு பத்தரைக்கு என் கதவில் நின்றாள்.
கைவண்டியில் தொண்ணூறு கிலோ எஃகு,
அதன் மேல் ஆலங்கட்டி.

கயிற்றை அவிழ்த்தேன்.
அக்டோபருக்குப் பிறகு அவிழ்க்கவே இல்லை,
ஈரம் ஏறிவிடுமே என்று.
ஏறியிருந்தது.
பாயின் உள்பக்கம் வியர்த்து, சொட்டி,
படுகை நெடுகத் தேநீர்க் கறை நிறத்தில்
சின்னச் சின்னத் தீவுகள்.

ரன்வா ஒன்றும் சொல்லவில்லை.
கந்தலை எண்ணெயில் தோய்த்துத் தேய்த்தாள்.
நானும் ஒரு கந்தல் எடுத்தேன்.

நான்கு மில்லிமீட்டர் வைத்தாள்.
என் வயிற்றில் வைத்த மாதிரி இருந்தது.
மோட்டாரின் குரல் இறங்கியது;
மூன்று வருடமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த ஆள்
வாய் திறந்து பேசியதுபோல.
சுருள்கள் வைக்கோல் நிறத்தில் கிளம்பி
நீலமாகித் தரையில் விழுந்து புகைந்தன.
ஒன்று எகிறி, படுகையில் பட்டு,
ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனது.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
"எண்ணெய்," என்றாள்.
ஊற்றினேன்.

பேரிங் உட்காரும் இடத்தில்
கடைசி இரண்டு நூறை என்னிடம் விட்டாள்.
அவள் கண் எரிந்தது; என்னுடையது கணக்கன் கண்.
மைக்ரோமீட்டரை மூன்று முறை படித்தேன்.
மூன்றும் ஒரே எண்.

விடிவதற்குள் தண்டு போய்விட்டது.
நோட்டைத் திறந்தேன்: ஆறேகால் மணி நேரம்.
ஆழம் நான்கு.
எண்ணெய் எவ்வளவு, தெரியவில்லை.
இடதுபக்கத்தில் என் பழைய கூட்டல்:
வருடத்துக்குப் பத்து விழுக்காடு வீதம்
மூன்று வருடத்துக்கு முப்பது.
ஓடாமலே தேய்ந்திருந்தது.
நானே எழுதி, நானே கீழே கோடு போட்டது.

அந்தக் கீறல்
சக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி.
நகம் அங்கே இலேசாக மாட்டும்.
தார்ப்பாயை ரன்வா கேட்டாள், விறகு மூட.
புதன்கிழமை ஒரு பம்ப் தண்டு வருகிறதாம்.
அளவு வாங்கி வைத்திருக்கிறேன்.